முதலில் காது, பிறகு கேள்வி

1913 மார்ச் 31ஆம் தேதி வியன்னாவின் மூஸிக்ஃபெரைன் மண்டபத்தில் நடந்த கச்சேரி பாதியிலேயே நின்றுபோனது. வாத்தியக்குழுவை நடத்தியவர் ஆர்னால்ட் ஷோன்பெர்க். அவருடைய சேம்பர் சிம்பொனியும், மாணவர்கள் ஆன்டன் வெபர்ன், ஆல்பன் பெர்க் ஆகியோரின் புதுப் படைப்புகளும் அன்றைய நிரலில் இருந்தன. பெர்கின் பாடல்கள் ஆரம்பித்ததும் சபையில் கூச்சலும் சிரிப்பும் எழுந்து, கைகலப்பில் முடிந்தது. கடைசியில் வரவிருந்த மாலரின் பாடல்கள் பாடப்படவே இல்லை. கன்னத்தில் அறை விழுந்த கச்சேரி என்ற பெயர்தான் அந்த மாலைக்கு நிலைத்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1918 ஜூனில், ஷோன்பெர்க் அதே சேம்பர் சிம்பொனியை மறுபடி கையில் எடுத்தார். இந்த முறை கச்சேரி என்று எதையும் அறிவிக்கவில்லை. பத்து ஒத்திகைகள் நடத்தினார். அவற்றைக் கேட்க விரும்புகிறவர்களை வரச்சொன்னார். பதினைந்து வாத்தியங்களுக்கு எழுதப்பட்ட அந்த இசை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எந்த இடத்தில் தடுக்கிறது, ஒரு வாத்தியம் ஒதுங்கி வழிவிட்டால் இன்னொன்று எப்படித் தெளிவாகக் கேட்கிறது என்பதையெல்லாம் வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். இசை 1913இல் இருந்த அதே இசைதான். அதைக் கேட்க வைக்கும் முறைதான் மாறியிருந்தது.

புதிய செவ்வியல் இசையை ஒரு மேடையில் வைத்து, அதைச் சுற்றிப் பேச்சையும் சிந்தனையையும் வைப்பது நல்லதா என்ற கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேல் வயதாகிவிட்டது. இன்று நியூயார்க்கிலும் லண்டனிலும் பாரிஸிலும் கச்சேரிக்கு முன் ஒரு உரை, நடுவில் இசையமைப்பாளரோடு ஒரு நேர்காணல், முடிந்தபின் ஒரு விவாதம் என்பது சாதாரண ஏற்பாடாகிவிட்டது. சாதாரணமாகிவிட்டதாலேயே அதன் பலன் என்ன என்று யாரும் அதிகம் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. முரண்பட்ட அந்த விடைகளையே இங்கே வரிசையாகப் பார்க்க நினைக்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. பழகிய இசைக்குப் பேச்சு தேவைப்படுவதில்லை. தோடி ஆலாபனையின் முதல் இரண்டு பிடிகளிலேயே நம் ரசிகர் ராகத்தைப் பிடித்துவிடுகிறார். அதன்பின் வித்வான் எங்கே போவார், எங்கே நிற்பார் என்று அவர் மனம் கூடவே நடக்கிறது. பீத்தோவன் கேட்கும் ஜெர்மானியருக்கும் அப்படித்தான். எதிர்பார்ப்பும், எதிர்பார்ப்பு ஏமாறுவதில் கிடைக்கும் சுகமும்தான் கேட்பது என்பதில் பெரும்பகுதி. இருபதாம் நூற்றாண்டின் புது இசை அந்தப் பொது இலக்கணத்தைவிட்டு வெளியே வந்தது. ஒவ்வொரு இசையமைப்பாளரும், சில சமயம் ஒவ்வொரு படைப்பும், தனக்கென்று ஒரு இலக்கணத்தோடு வந்தது. கேட்பவருக்கோ ஒரு மாலையில், ஒரே தடவையில், அந்த இலக்கணத்தையும் கற்று, அதில் எழுதியதையும் ரசிக்க வேண்டிய நிலை. அதற்கு உதவியாக எதையாவது செய்தே ஆகவேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. எதைச் செய்வது என்பதில்தான் சண்டை.

ஷோன்பெர்க் கண்ட வழி, இன்றைய ஏற்பாட்டாளர்கள் பலரும் எதிர்பார்க்காதது. 1918 நவம்பரில் அவர் வியன்னாவில் தனியார் இசை நிகழ்த்துகைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதன் கொள்கை அறிக்கையை எழுதியவர் ஆல்பன் பெர்க். உறுப்பினர்கள் மட்டுமே வரலாம். பத்திரிகை விமர்சகர்களுக்கு இடமில்லை. கைதட்டக் கூடாது, சீழ்க்கையடிக்கவும் கூடாது. அன்று மாலை என்ன வாசிக்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டிச் சொல்லப்படாது; பெயர் பார்த்து வருவதும் வராமல் இருப்பதும் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு படைப்புக்கும் தேவையான அளவு ஒத்திகை. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது. சங்கத்தின் கணக்கு இன்றும் கிடைக்கிறது: 1919 பிப்ரவரி முதல் 1921 முடிய 117 கச்சேரிகள், 154 படைப்புகள், 353 தடவை வாசிப்பு. அதாவது ஒரு படைப்பு சராசரியாக இரண்டு தடவைக்கு மேல் கேட்கப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு வருடம் ஷோன்பெர்க் தன் இசை ஒன்றைக்கூட அங்கே வாசிக்க விடவில்லை. டெபுஸி, ராவெல், ஸ்ட்ராவின்ஸ்கி, பார்டோக், ரீகர் என்று மற்றவர்களின் இசைதான் ஒலித்தது. பெரிய வாத்தியக்குழுவுக்குப் பணமில்லாததால் மாலரின் நான்காம் சிம்பொனியை எர்வின் ஸ்டைன் சிறு குழுவுக்கேற்பச் சுருக்கி எழுதினார். போருக்குப் பிந்தைய பணவீக்கம் கடைசியில் சங்கத்தையே விழுங்கியது.

இங்கே கவனிக்க வேண்டியது, உரையால் விளக்குவதை வியன்னா நம்பவில்லை என்பது. நன்றாக வாசி, மறுபடி வாசி, சந்தை இரைச்சலை வெளியே நிறுத்து: பெர்க் எழுதிய அறிக்கையின் சாரம் இவ்வளவுதான். எனக்கு இந்த மூன்றில் இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. இதன் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் விதவிதமாகப் பேச்சைச் சேர்த்துப் பார்த்தார்கள். மறுபடி வாசிப்பதைத்தான் கைவிட்டார்கள்.

நியூயார்க் வேறு திசையில் போனது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த இசைக்கலைஞர்களுக்காக அமெரிக்க அரசு நடத்திய கூட்டாட்சி இசைத் திட்டத்தின் கீழ், ஆஷ்லி பெட்டிஸ் என்ற பியானோ கலைஞர் 1935 அக்டோபரில் இசையமைப்பாளர் மன்ற ஆய்வுக்கூடம் என்ற தொடரைத் தொடங்கினார். முதல் மாலை ராய் ஹாரிஸின் இசை. ஏற்பாடு எளிமையானது. ஒரு மாலை, உயிரோடு இருக்கும் ஒரு இசையமைப்பாளரின் படைப்புகளை வாசிப்பார்கள். கேட்பவர்கள் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். வாசிப்பு முடிந்ததும் இசையமைப்பாளரே மேடையேறிப் பதில் சொல்வார். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் சுருக்கெழுத்தாளர்கள் எழுதி வைத்தார்கள். அவை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ஒரு கச்சேரியில் யார் என்ன வாசித்தார் என்பது எப்படியாவது பதிவாகிவிடும். வந்து உட்கார்ந்தவர் என்ன நினைத்தார் என்பது பதிவாவது அரிது. அந்த வகையில் இந்தப் பதிவுகள் பெரிய பொக்கிஷம். ஏன் இத்தனை இசைவின்மை என்று கேட்டிருக்கிறார்கள். இந்த இசை அமெரிக்காவுடையதா என்று கேட்டிருக்கிறார்கள். பட்டினி கிடக்கும் காலத்தில் இது யாருக்காக எழுதப்படுகிறது என்ற கேள்வியும் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. 1938இல் ரூத் க்ராஃபர்டின் இசைக்கு ஒரு மாலை ஒதுக்கப்பட்டது. மேரியன் பாவர் போன்ற வேறு பெண்களும் மேடையேறினார்கள். ஆண் இசையமைப்பாளர்கள் சந்திக்காத ஒரு கேள்வியை அவர்கள் சந்திக்க நேர்ந்தது: பெண் எழுதிய இசையில் பெண்மை எங்கே என்று. இசையைக் கேட்ட பிறகும் அந்தக் கேள்வி எழுந்தது என்பதில் வருத்தம் உண்டு. ஆனால் அது வெளிப்படையாகக் கேட்கப்பட்டு, வெளிப்படையாகப் பதில் சொல்லப்பட்டு, எழுத்தில் நின்றுவிட்டது. மௌனமாக முகம் சுளித்துவிட்டுப் போகும் சபையைவிட இது மேல் என்றே நினைக்கிறேன்.

இந்த ஏற்பாட்டின் பலம், கேள்வி கேட்பவருடையது என்பதில் இருக்கிறது. இசையமைப்பாளர் முன்கூட்டியே வந்து, இப்படிக் கேளுங்கள் என்று சொல்லவில்லை. காது முதலில் தன் வேலையைச் செய்தது. அது எங்கே தடுக்கி விழுந்ததோ அந்த இடத்திலிருந்து பேச்சு பிறந்தது. பலவீனமும் தெளிவு: பதிலைக் கேட்டபின் இசையை மறுபடி கேட்க வழியில்லை. வியன்னாவில் இருந்தது இங்கே இல்லை. இங்கே இருந்தது வியன்னாவில் இல்லை.

பேச்சு எப்போதும் சமாதானத்தைக் கொண்டுவரும் என்று எண்ணிவிடக் கூடாது. 1952 ஆகஸ்ட் 29 அன்று நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக்கில், பின்புறம் காட்டைப் பார்த்துத் திறந்திருக்கும் மேவரிக் அரங்கில், டேவிட் டியூடர் பியானோ முன் அமர்ந்து இசையமைப்பாளர் ஜான் கேஜின் நான்கு நிமிடம் முப்பத்துமூன்று விநாடி நீளும் படைப்பை நிகழ்த்தினார். ஒரு சுரமும் வாசிக்கப்படாத அந்தப் படைப்பு உலகப் புகழ் பெற்றதை எல்லாரும் அறிவோம். அன்றிரவு கச்சேரிக்குப் பிறகு ஒரு கலந்துரையாடலும் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதில் சூடு ஏறி, இந்த ஆட்களை ஊரைவிட்டு விரட்டுவோம் என்று ஒருவர் எழுந்து சொன்னதாக நினைவுக் குறிப்புகள் இருக்கின்றன. அந்த மாலையில் கூடியவர்களில் பலர் கலைஞர்கள், புதுமையில் ஆர்வம் உள்ளவர்கள். அவர்களுக்கே அப்படி.

கேஜ் பேச்சைப் பற்றி யாரைவிடவும் ஆழமாக யோசித்தவர். 1940களின் நடுவில் அகமதாபாத்திலிருந்து நியூயார்க் சென்ற கீதா சாராபாய் அவருக்கு இந்திய இசையையும் அதன் தத்துவத்தையும் சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு மேற்கத்திய இசையைக் கேஜிடம் கற்றார். மனத்தை அமைதிப்படுத்தி அதைத் தெய்வீகத்துக்குத் திறந்துவைப்பதே இசையின் நோக்கம் என்று தன் குரு சொன்னதைக் கீதா சொல்ல, கேஜ் அதைத் தன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நம் பக்கத்திலிருந்து போன ஒரு உரையாடல் மேற்கின் புது இசையின் போக்கையே திருப்பியதற்கு இது சாட்சி. 1950 வாக்கில் நியூயார்க்கில் ஓவியர்கள் கூடும் மன்றத்தில் அவர் நிகழ்த்திய, ஒன்றுமில்லாமை பற்றிய உரையைத் தன் இசைக்குப் பயன்படுத்திய அதே தாளக் கணக்கில் எழுதியிருந்தார். முடிவில் கேள்வி நேரம். என்ன கேள்வி வந்தாலும், முன்பே தயாரித்து வைத்திருந்த ஆறு பதில்களில் ஒன்றைத்தான் சொன்னார். விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் பேச்சு இசைக்கு விளக்கவுரையாக இருக்க வேண்டியதில்லை, பேச்சே இசையைப் போல நேரத்தில் கட்டப்பட்ட ஒரு பொருளாக இருக்கலாம் என்று அவர் காட்டினார். இசையும் கருத்தும் ஒரே மேடையில் சேர்வதற்கு இப்படி ஒரு வழியும் உண்டு என்பது அன்று புதிது.

கேஜின் இசைக்கு நேர்ந்த ஒரு சம்பவம் பேச்சின் மறுமுகத்தைக் காட்டும். வாத்தியக்குழு நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைனைப் போல இசையைப் பேச்சால் திறந்து காட்டியவர் இருபதாம் நூற்றாண்டில் வேறு யாரும் இல்லை. 1954இல் தொலைக்காட்சியில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு, பீத்தோவன் எழுதிக் கைவிட்ட வரைவுகளையும் வாசித்துக்காட்டி, ஏன் அவை போதவில்லை என்று விளக்கினார். 1958 முதல் 1972 வரை நடத்திய இளையோர் கச்சேரிகள் 53. அந்த வாயில் இருந்த கனிவை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 1964 பிப்ரவரியில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் கேஜின் இசையை மேடையேற்றியபோது அந்தத் திறமை உதவவில்லை. தற்செயலை வைத்து எழுதும் இசை என்று பொதுத் தலைப்பிட்டு, பெர்ன்ஸ்டைன் முன்னுரை சொன்னார்; வாத்தியக்குழுவையே மேடையில் இட்டுக்கட்டி வாசிக்கவும் வைத்தார். கேஜுக்கு அந்த ஒப்பீடு ஏற்பில்லை. தன் இசை இட்டுக்கட்டுவது அல்ல என்று முன்பே கடிதம் எழுதியிருந்தார். கச்சேரியில் ஜனங்கள் எழுந்து போனார்கள். வாசித்தவர்களில் சிலரே இசையை அலட்சியமாக நடத்தினார்கள். இதற்கு அந்த முன்னுரை மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இசை ஒலிக்கும் முன்பே அதற்கு ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டுவிட்டால், காது அந்தச் சீட்டைத்தான் கேட்கிறது.

இதற்குச் சோதனை ஆதாரமும் இருக்கிறது. எலிசபெத் மார்குலிஸ் என்ற இசை உளவியலாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இசைப் பயிற்சி இல்லாதவர்களுக்குப் பீத்தோவனின் நால்வர் தந்தி இசையிலிருந்து சிறு பகுதிகளைப் போட்டுக் காட்டினார். சிலவற்றுக்கு முன்னால் ஒரு விளக்கத்தைப் படிக்க வைத்தார். சிலவற்றுக்கு எதுவும் இல்லை. விளக்கத்தோடு கேட்டவற்றை அவர்கள் குறைவாகவே ரசித்ததாகச் சொன்னார்கள். நிகழ்ச்சிக் குறிப்பு என்ற பெயரில் உலகம் முழுக்கக் கச்சேரி அரங்குகளில் அச்சாகும் காகிதங்களைப் பற்றி இது யோசிக்க வைக்கிறது. பீத்தோவனுக்கே இப்படியென்றால் புதிய இசைக்கு இன்னும் மோசம் என்று உடனே முடிவு கட்ட முடியாது. இலக்கணமே தெரியாத இசைக்கு விளக்கம் கூடுதலாக உதவவும் கூடும். ஆனாலும் சொல் முன்னால் போனால் செவி பின்தங்குகிறது என்ற சந்தேகத்தை இனி யாரும் ஒதுக்கிவிட முடியாது.

சொல்லின் வலிமைக்கு இன்னொரு சாட்சி போலந்திலிருந்து. க்ரிஸ்டோஃப் பென்டெரெட்ஸ்கி 1960இல் 52 தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய படைப்புக்கு முதலில் வைத்த பெயர், அது நீளும் நேரம்: எட்டு நிமிடம் 37 விநாடி. பின்னர்தான் அதை ஹிரோஷிமாவில் இறந்தவர்களுக்கான இரங்கலாகப் பெயர் மாற்றிச் சமர்ப்பித்தார். ஒரு சுரமும் மாறவில்லை. இன்று அதைக் கேட்கும் எவருக்கும் அந்தக் கீச்சொலிகளில் விமானமும் அலறலும் தவிர வேறு எதுவும் கேட்பதில்லை. அந்தப் பெயர் பொய் என்று நான் சொல்லவில்லை. இசை ஒலித்ததைக் கேட்டபோது அவருக்கே அது தோன்றியிருக்கிறது. மூன்று சொற்கள் உலகத்தின் காதை எப்படி வளைத்துவிட்டன என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

ஆஸ்திரியாவிலிருந்து தப்பி லண்டன் வந்த இசை விமர்சகர் ஹான்ஸ் கெல்லர் இந்தச் சங்கடத்தைப் புரிந்துகொண்டு ஒரு விசித்திரமான வைத்தியம் கண்டார். இசையைப் பற்றிய விளக்கத்தில் சொல்லே இருக்கக் கூடாது என்றார். 1957இல் மோசார்ட்டின் டி மைனர் நால்வர் தந்தி இசைக்கு அவர் எழுதிய முதல் விளக்கம் முழுக்க இசைக்குறிகளால் ஆனது. மூலத்தின் பாகங்களுக்கு நடுவே அதை வாசித்தால், இந்த மெட்டு அந்த மெட்டிலிருந்து எப்படிப் பிறந்தது என்பது காதுக்கே விளங்கும். பிபிசி வானொலி அதை ஒலிபரப்பியது. இதே கெல்லர்தான் 1961 ஜூனில் சூசன் பிராட்ஷாவோடு ஸ்டூடியோவில் கைக்குக் கிடைத்த தட்டும் சாதனங்களைக் கண்டபடி தட்டி, பியோட்டர் ஸாக் என்ற இல்லாத ஒரு போலந்து இளைஞரின் படைப்பு என்று அறிவித்து ஒலிபரப்ப வைத்தார். பத்திரிகை விமர்சகர்கள் அதைத் திட்டித்தான் எழுதினார்கள்; ஆனால் உண்மையான படைப்பு என்று நம்பித் திட்டினார்கள். புது இசையே மோசடி என்று சிலர் இதிலிருந்து முடிவுக்கு வந்தார்கள். அது தவறு. அறிவிப்பாளர் வாயிலிருந்து வரும் நாலு வாக்கியத்துக்கு நாம் எவ்வளவு கட்டுப்பட்டவர்கள் என்பதுதான் அந்தச் சோதனை சொன்ன செய்தி. புதிய இசையைக் காதலித்த கெல்லரைப் போன்ற ஒருவர்தான் அதைச் செய்ய முடியும்.

பேசவே வேண்டாம், கேட்பவர்களே வேண்டாம் என்ற குரலும் உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் மில்டன் பாபிட் 1958இல் எழுதிய கட்டுரைக்குப் பத்திரிகை ஆசிரியர் வைத்த, நீங்கள் கேட்டால் யாருக்கு என்ன என்ற பொருள்படும் தலைப்பு அவருக்கு ஆயுள் முழுக்கப் பழியாக ஒட்டிக்கொண்டது. உயர்கணிதத்தைப் போல உயர் இசையும் பல்கலைக்கழகத்துக்குள் வளரட்டும், பொதுஜனத்தைத் திருப்திப்படுத்த அது ஏன் முயல வேண்டும் என்பது அவர் வாதம். கணிதத் தேற்றத்தை யாரும் மாலையில் மண்டபத்தில் கூடிக் கேட்பதில்லை; இசையை அப்படித்தான் கேட்கிறோம். அதனால் அவர் ஒப்புமை எனக்கு ஒத்துவரவில்லை. இதற்குமேல் அதில் நேரம் செலவிடத் தேவையில்லை.

பிரெஞ்சு இசையமைப்பாளரும் வாத்தியக்குழு நடத்துநருமான பியேர் பூலேஸிடம் வருவோம். புதிய இசையையும் கருத்துப் பரிமாற்றத்தையும் சேர்க்கும் முயற்சியில் இவரளவுக்குப் பல வடிவங்களை முயன்று பார்த்தவர் இல்லை. 1971இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் பொறுப்பேற்றதும், லிங்கன் சென்டரின் பளிங்கு மண்டபத்தைவிட்டு வெளியே வந்து, கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஒரு நாடக அரங்கில் எதிர்காலச் சந்திப்புகள் என்ற மாலைகளைத் தொடங்கினார். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் நள்ளிரவு வரை போகலாம். இசையமைப்பாளர் பேசுவார், வாத்தியக்காரர்கள் கடினமான ஒரு பகுதியைத் தனியே வாசித்துக்காட்டுவார்கள், பிறகு முழுதும் வாசிப்பார்கள், பிறகு விவாதம். இஷ்டப்பட்டபோது வரலாம், போகலாம். 1973 ஜூனில் பெரிய மண்டபத்தின் தரைத்தள நாற்காலிகளையே கழற்றிவிட்டு, கம்பளமும் மெத்தையும் விரித்து இளைஞர்களை உட்கார வைத்தார். பழைய இசையும் புதியதும் கலந்து ஒலித்தன. நம் கோயில் மண்டபங்களில் ஜமக்காளத்தில் சம்மணமிட்டு விடிய விடிய நாகஸ்வரம் கேட்ட தலைமுறைக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அமெரிக்கப் பத்திரிகைகளுக்கோ அது பெரிய செய்தி. 1918இன் திறந்த ஒத்திகையோடு ஒப்பிட்டால் இந்த மாலைகளில் அதே குணம் இருப்பது தெரியும்: பேச்சு இசைக்கு வெளியே நின்று பிரசங்கம் செய்யாமல், வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தது.

பாரிஸ் திரும்பியபின் பூலேஸ் செய்தது வேறு மாதிரி. 1978 பிப்ரவரியில், புதிதாகத் திறந்திருந்த இர்காம் இசை ஆய்வு மையத்தில் இசையில் நேரம் என்ற பொருளில் ஒரு கருத்தரங்கு நடத்தினார். லிகெட்டி, மெஸியான், எலியட் கார்ட்டர் ஆகியோரின் படைப்புகள் உட்பட ஐந்து படைப்புகளை எடுத்துக்கொண்டார். விருந்தினராக வந்தவர்கள் ரோலான் பார்த், ழீல் தெலூஸ், மிஷேல் ஃபூக்கோ. இவர்கள் இசை விமர்சகர்கள் அல்லர். அந்த ஐந்து படைப்புகளையும் விளக்கவும் முற்படவில்லை. தாமாகக் காதில் விழாத ஆற்றல்களைக் கேட்க வைப்பது இசையின் வேலை என்று தெலூஸ் அங்கே முன்வைத்த எண்ணம், அவர் பின்னால் ஓவியத்தைப் பற்றி எழுதியதற்கும் அடிப்படையானது. இசை சிந்தனைக்கு உவமை கொடுக்கவில்லை. சிந்தனையை ஒரு படி நகர்த்தியது. பேச்சையும் இசையையும் சேர்த்து வைக்கும் முயற்சிகளில் இதைத்தான் நான் உச்சமாக மதிக்கிறேன். எதிர் எதிரே உட்கார்ந்த இசை, சிந்தனை என்ற இரு தரப்பும் சம கனம் உள்ளவை.

ஆனால் ஃபூக்கோவுக்கு ஒரு உறுத்தல் இருந்தது. இளமையில் ழான் பராக்கே என்ற இசையமைப்பாளரோடு நெருங்கிப் பழகியவர் அவர். புது இசை அவருக்கு அந்நியம் அல்ல. 1983இல் பூலேஸோடு நடத்திய உரையாடலில் அவர் எழுப்பியது இது: அதே காலத்தின் ஓவியமும் சிந்தனையும் படித்தவர் பலரை எட்டியிருக்க, அவற்றோடு ஒட்டிப் பிறந்த இந்த இசை மட்டும் ஏன் தனித்து நிற்கிறது? அவர் தந்த பதிலின் ஒரு பகுதி, சந்தை எதைத் திரும்பத் திரும்ப ஒலிக்க வைக்கிறதோ அதுவே பழக்கமாகி, பழக்கமே ரசனையாகிவிடுகிறது என்பது. அறுபது வருடம் முன்பு ஆல்பன் பெர்க் எழுதிய அறிக்கை இதே இடத்தில்தான் நின்றது. தத்துவவாதிகள் மூவரைக் கூட்டிவந்து பேச வைத்தாலும், ஒரு தடவை கேட்டது ஒரு தடவை கேட்டதுதான்.

பேச்சை மேடை வழங்காதபோது சபை பறித்துக்கொண்டதும் நடந்திருக்கிறது. 1969 நவம்பர் 17 அன்று ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் மண்டபத்தில் கச்சேரி தொடங்கும் நேரம், லூயி ஆன்ட்ரீசன், ரைன்பர்ட் டி லியூ உள்ளிட்ட இளம் இசையமைப்பாளர்கள் கிளுகிளுப்பை போன்ற ஒலிக்கருவிகளோடு எழுந்து குறுக்கிட்டார்கள். வாத்தியக்குழு எதை வாசிக்கிறது, எதை வாசிக்க மறுக்கிறது என்பதைப் பற்றிப் பொது விவாதம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. மண்டபத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். ஆனால் அதன்பின் அந்த நாட்டின் புது இசை, பெரிய வாத்தியக்குழுவை நம்பியிராமல் சிறு குழுக்களில் வளர்ந்தது. 1974இல் டி லியூவின் தலைமையில் உருவான அப்படி ஒரு குழுவின் பெயர் ஷோன்பெர்க் குழு. 1976இல் ஆன்ட்ரீசன் பிளேட்டோவின் குடியரசிலிருந்து, இசையில் எந்த மாற்றமும் அரசுக்கு ஆபத்து என்று சொல்லும் பகுதிகளை எடுத்து ஒரு பெரும் படைப்பாக்கினார். மண்டபத்தில் மறுக்கப்பட்ட விவாதம் இசைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் 1984 முதல் கலைஞர்கள் தங்கள் படைப்பு உருவாகும் விதத்தை நிகழ்த்தியும் பேசியும் காட்டும் தொடர் நடக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மில்லர் அரங்கில் 1999 முதல் ஒரு மாலைக்கு ஒரு இசையமைப்பாளர் என்ற ஏற்பாடு. இடையில் மேடையிலேயே அவரோடு உரையாடல். இரண்டும் 1935இன் மரபில் வந்தவை. வித்தியாசம், இப்போது கேள்வி கேட்பவர் பெரும்பாலும் மேடையில் உட்கார்ந்த நெறியாளர். துண்டுச் சீட்டு மறைந்துவிட்டது. மரியாதை கூடியிருக்கிறது, ஆனால் எதிரே உட்கார்ந்தவர் எங்கே தடுக்கி விழுந்தார் என்பது தெரியாமலே மாலை முடிந்துவிடுகிறது.

நமக்கு இது எதுவும் அந்நியம் இல்லை. கதாகாலட்சேபத்தில் பேச்சும் பாட்டும் பிரியாமல் ஒன்றையொன்று தூக்கிக்கொண்டு போயின. கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரத்துக்கு மெட்டுகள் இட்டபோது அது புத்தம் புது இசை. அதன் நடுவில் நின்ற விஷயமோ, கோயில் வாசலில் ஒரு மனிதன் ஏன் தடுக்கப்படுகிறான் என்ற கேள்வி. 1928இல் சென்னையில் தொடங்கிய மியூசிக் அகாதெமி காலையில் விளக்க உரை, மாலையில் கச்சேரி என்று இரண்டையும் பிரித்து வைத்தது. காலையில் லெக்-டெம் கேட்க நோட்டும் பேனாவுமாக வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பேசி முடித்ததும் மூத்த வித்வான்கள் எழுந்து தங்கள் கருத்தைச் சொல்லும் அந்த வழக்கம் நியூயார்க்காரர்கள் பொறாமைப்பட வேண்டியது. ஆனால் காலையில் பேசப்பட்டது மாலையில் பாடப்படுகிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. புது உருப்படிக்கு மாலையில் கிடைக்கும் இடம், தனி ஆவர்த்தனத்துக்குப் பின் வரும் சில நிமிடங்கள். அண்மைக் காலத்தில் டி. எம். கிருஷ்ணா 2017இல் எண்ணூர் சதுப்பில் நின்று பாடிய புறம்போக்குப் பாடலும், பெருமாள்முருகன் எழுதி அவர் பாடிவரும் கீர்த்தனைகளும் இசையையும் காலத்தின் விவாதத்தையும் மறுபடி ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தன. அவற்றைச் சுற்றி எழுந்த பேச்சு அளவுக்கு அவை திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டனவா என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஏனென்றால் நம்மிடமே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 72 மேளகர்த்தாக்களில் 40 விவாதி மேளங்கள். அருகருகே நெருங்கி நிற்கும் சுரங்களால் அவை காதுக்கு உறுத்தும், பாடினால் தோஷம் என்று பாதி சாஸ்திரமாகவும் பாதி பயமாகவும் ஒரு எண்ணம் நெடுங்காலம் இருந்தது. பாடலாமா கூடாதா என்று வித்வான்கள் எவ்வளவோ வாதாடியிருக்கிறார்கள். கோடீஸ்வர ஐயர் வாதத்தில் நிற்காமல் 72 மேளங்களிலும் தமிழில் கிருதிகள் செய்தார். செய்து வைத்ததாலும் அவை பரவிவிடவில்லை. பாடகரும் ஓவியருமான எஸ். ராஜம் அவற்றை எடுத்துக்கொண்டு வானொலியிலும் மேடையிலும் சீடர்களிடமும் பல பத்தாண்டுகள் விடாமல் பாடினார். விவாதி மேளம் ஏன் அழகு என்று அவர் பேசியும் இருக்கிறார். அந்தப் பேச்சைக் கேட்க வந்தவர்கள் காதில் அதற்கு முன்பே அந்த ராகங்கள் பலமுறை விழுந்திருந்தன.